முதல் நாளா, கடைசி நாளா? கடைமடையில் விண்ணப்பக் காலம்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலையில் திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ப்ரௌசிங் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. 2025-இல் முடிவு மே 8 அன்று வந்தது. பொறியியல் சேர்க்கைக்கான இணையப் பதிவு அதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது. ஜூன் 6 வரை முழுதாக ஒரு மாத அவகாசம். ஆனாலும் கூட்டம் மாதம் முழுக்கப் பரவி வருவதில்லை. முதல் சில நாளில் ஒரு அலை, கடைசி சில நாளில் இன்னொரு அலை. நடுவில் சென்டர்காரர் ஜாதகம் பிரிண்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு அலைக்கும் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. "முந்திப் போட்டாத்தான் நல்ல காலேஜ் கெடைக்கும்" என்பது ஒன்று. "கொஞ்சம் பொறு, எல்லா ரிசல்ட்டும் வரட்டும், பார்த்துப் போடலாம்" என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறார்கள். ஆனால் வெவ்வேறு கதவுகளைத் தட்டிய அனுபவம். எந்தக் கதவுக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காததால் ஒவ்வொரு ஆண்டும் டெல்டாவில் சில நூறு பிள்ளைகளாவது தவறான இடத்தில் அவசரப்பட்டு, அவசரப்பட வேண்டிய இடத்தில் நிதானமாக இருந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் பெரிய கதவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பொறியியல் இடங்களுக்கு 1997 முதல் ஒற்றைச் சாளர முறை. அதற்கு முன்பிருந்தே, 1984 முதல், நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் 2007-08 கல்வியாண்டில் அது ஒழிந்தது. 2017 வரை கலந்தாய்வுக்கு அப்பாவும் பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. கவுன்சலிங் என்றால் கிண்டி. இரவு பஸ் ஏறி விடிகாலையில் இறங்கி, எங்கேயாவது முகம் கழுவிக்கொண்டு அண்ணா பல்கலைக்கழக வாசலில் போய் நின்றவர்கள் இந்த ஊரிலும் நிறையப் பேர். 2018-இல் கலந்தாய்வும் இணையத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு நடத்தும் பொறுப்பு அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மாறியது.

இந்த முறையில் வரிசையைத் தீர்மானிப்பது மதிப்பெண். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃப். இரண்டு பேர் ஒரே கட் ஆஃப் எடுத்தால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியலை. அப்படியே இறங்கிக்கொண்டே போய்ப் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியாக ரேண்டம் எண். பத்து இலக்கத்தில் கணினி குலுக்கிப் போடும் எண் அது. பெரிய எண் வைத்திருப்பவர் முன்னே போவார். இந்தப் படிக்கட்டில் எங்கேயும் 'யார் முதலில் விண்ணப்பித்தார்' என்ற கேள்வியே கிடையாது. மே 7 நள்ளிரவில் உட்கார்ந்து போட்டவரும் ஜூன் 6 மாலை ஐந்து மணிக்குப் போட்டவரும் ரேங்க் பட்டியலில் சமம். ரேண்டம் எண்ணையே பதிவு எல்லாம் முடிந்த பிறகுதான் வழங்குகிறார்கள். ஆனாலும் முதல் நாளே பதிவு செய்தால் ரேண்டம் எண் நன்றாக விழும் என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

அந்த நம்பிக்கையை முழு மூடத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஜேஇஇ மெயின் தேர்வில் 2023-இல் இருந்த விதி இதற்கு நேர் எதிர். பாட மதிப்பெண், தவறான விடைகளின் விகிதம், வயது எல்லாம் பார்த்தும் இரண்டு பேர் சமமாக இருந்தால், விண்ணப்ப எண் யாருக்குச் சிறியதோ அவருக்கு முன்னுரிமை. அதாவது முந்திப் போட்டவருக்கு. அங்கே கேட்ட செய்தி இங்கே பொது விதியாகப் பரவியிருக்கலாம். நடைமுறையில் அத்தனை படி தாண்டி விண்ணப்ப எண் வரைக்கும் போகிற சமநிலை அபூர்வம். ஆனாலும் ஒரு தகுதித் தேர்வில் அப்படியொரு விதி எழுதி வைத்திருந்ததே எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. முந்திப் பதிவு செய்வது எந்தத் திறமைக்கும் அளவுகோல் இல்லை. வீட்டில் கணினி இருந்தது, கார்டில் பணம் இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

ஒற்றைச் சாளரத்தில் முதல் நாள் சலுகை இல்லை. ஆனால் கடைசி நாளுக்குத் தண்டனை உண்டு. அது விதியில் எழுதாத தண்டனை. 2025-இல் பொறியியலுக்குப் பதிவு செய்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். கட்டணம் கட்டி முடித்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம். நடுவில் காணாமல் போன ஐம்பதாயிரம் பேரில் பாதிக்கு மேல் மனம் மாறி வேறு படிப்புக்குப் போனவர்களாக இருக்கலாம். மற்றவர்கள் எங்கே சிக்கினார்கள் என்பதைச் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் புரிந்துகொள்ளலாம்.

"அண்ணே, ஓடிபி வந்துச்சான்னு பாருங்க" என்பார் கணினி முன் இருப்பவர். ஓடிபி போன இடம் அப்பாவின் செல்போன். அப்பா திருப்பூரில் வேலையில் இருப்பார், அல்லது செல்லை வரப்பில் வைத்துவிட்டு வயலில் நிற்பார். சலித்துப்போய்ச் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவார். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும், சான்றிதழ் சரிபார்ப்பில் குறை இருக்கிறது, இத்தனாம் தேதிக்குள் விருப்பப் பட்டியல் கொடுங்கள், இடம் ஒதுக்கியாகிவிட்டது, உறுதி செய்யுங்கள் என்பதெல்லாம், முகம் மறந்துபோன அந்தச் சென்டர்காரரின் செல்லுக்கே போய்ச் சேரும். விண்ணப்பிக்கும் நாள் பற்றி ஒரே ஒரு அறிவுரை சொல்லச் சொன்னால், ஓடிபி வரும் போன் பிள்ளையின் கையில் இருக்கிற நாளில் போடுங்கள் என்பேன்.

அடுத்தது பெயர். நம் பிள்ளைகளுக்கு இருப்பது இனிஷியல். வட இந்தியாவில் எழுதிய படிவம் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயரே முழுசாக. மாநில அரசின் படிவத்தில் இது பெரிய விஷயமாகாது. தேசியத் தேர்வு முகமையின் படிவத்தில் ஆதாரோடு பொருந்தவில்லை என்று நின்றுவிடுவதுண்டு. ஆதாரைத் திருத்தப் போனால் நாளாகும். கடைசி நாளில் இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்.

சரி, முந்துகிறவருக்கு இடம் என்பது எங்கே உண்மை? தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டில். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். மீதி நிர்வாகத்தின் கையில். கலை அறிவியல் சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாகத்தின் கை இன்னும் நீளம். இங்கே பிப்ரவரியிலேயே பிளஸ் டூ வகுப்பு வாசலுக்குத் துண்டறிக்கை வந்துவிடும். ஏப்ரலில் போன். "ஸார், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் நாலு சீட்தான் இருக்கு, ஒரு பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணி வச்சுக்குங்க" என்று ஒரு குரல். மார்க் என்னவென்றே தெரியாத காலத்தில் கட்டும் பணம் அது. இந்த அவசரம் தானாகப் பிறந்ததில்லை. மே மாதம் மதிப்பெண் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கலந்தாய்வில் வேறு வழிகள் தெரிந்துவிடும். அதற்கு முன்பே கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் வியாபாரம்.

இப்படி ஏப்ரலில் முடித்துக்கொள்கிறவர்கள் இழப்பது பெரும்பாலும் பத்தாயிரத்தோடு நிற்பதில்லை. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு 2010-11-இலிருந்து முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்கே. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2021-இல் சட்டமாக்கினார்கள். அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, கோட்டூர் ஒன்றியங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் இந்த இரண்டில் ஒன்றுக்காவது தகுதி உள்ளவர்கள் ஏராளம். கல்லூரியும் அதே, வகுப்பறையும் அதே. ஏப்ரலில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய் உட்கார்ந்த பிள்ளையின் அப்பா நான்கு வருடம் முழுக் கட்டணம் கட்டுவார், ஜூலையில் கலந்தாய்வில் வந்த பிள்ளையின் அப்பா கட்ட மாட்டார். 'சீட் போய்விடும்' என்ற பயத்தின் விலை இவ்வளவு.

அமெரிக்காவில் இதே பயத்தை மரியாதையான பெயர் வைத்து நடத்துகிறார்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நவம்பரிலேயே போடும் முன்கூட்டிய விண்ணப்பம் ஒன்று, ஜனவரியில் போடும் வழக்கமான விண்ணப்பம் ஒன்று. கிறிஸ்டஃபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகிய மூவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு நூல், முன்கூட்டிப் போடுவதால் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு எஸ்.ஏ.டி. தேர்வில் 100 புள்ளி கூடுதலாக எடுப்பதற்குச் சமம் என்று கணக்கிட்டது. அங்கே முந்துவது உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் யாருக்கு? முன்கூட்டிய விண்ணப்பத்தின் கட்டுப்படுத்தும் வகையில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடும் வசதி இருக்கிறவருக்குத்தான் அது பயன்படும். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இது வசதியுள்ளவர்களுக்கே சாதகம் என்று சொல்லி 2006-இல் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிட்டன. மற்றவர்களில் பெரும்பாலோர் கைவிடவில்லை. 2011-இல் இரண்டும் திரும்ப ஆரம்பித்தன. தனியாக நல்லவராக இருப்பது சேர்க்கைச் சந்தையில் கட்டுப்படியாகவில்லை.

பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸ் அமைப்பின் வழி வேறு. ஜனவரியில் ஒரு தேதி; அதற்குள் வந்த விண்ணப்பங்கள் அனைத்தையும் சமமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் மருத்துவப் படிப்புகளுக்கும் மட்டும் அந்தத் தேதி அக்டோபர் 15. நம் ஒற்றைச் சாளரத்தின் நியாயமும் இந்த வகைதான். ஒரு காலக்கெடு, அதற்குள் எல்லாரும் சமம். இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு செய்திருப்பது ஹார்வர்டு செய்ய முடியாமல் திரும்பியதைவிட மேல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இந்த நியாயம் மாநில அரசின் வாசலோடு நின்றுவிடுகிறது. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் இயங்குகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்தால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கட்டணம் குறைவு, விடுதி உண்டு. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்தில் வந்து விழுந்த வாய்ப்பு. 2022 முதல் அதில் இளநிலைப் படிப்புகளில் சேர க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2025-இல் க்யூட் விண்ணப்பம் மார்ச் 1-இல் தொடங்கி, நீட்டிப்போடு சேர்த்து மார்ச் 24-இல் முடிந்தது. அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை மொழிப்பாடத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பரீட்சைக்கு முந்தைய நாள் வரை படித்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று வாரங்கள்தான் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்திருந்த காலம். மே மாதம் நல்ல மார்க்கோடு போய் நீலக்குடியில் அப்ளிகேஷன் கேட்கிறவர்களுக்கு, அது மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்பதுதான் பதில்.

நீட்டுக்கு அந்த ஆண்டு பிப்ரவரி 7 முதல் மார்ச் 7. ஜேஇஇ மெயின் முதல் அமர்வுக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 28 முதல் நவம்பர் 22. காரைக்காலில் என்.ஐ.டி. இருக்கிறது, திருச்சியில் இருக்கிறது; இரண்டுக்கும் ஜேஇஇ வேண்டும். 'எப்போது விண்ணப்பிப்பது' என்ற கேள்வியை மே மாதம் கேட்கிற வீட்டுக்கு இந்த நிறுவனங்கள் எதுவும் கணக்கிலேயே இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் முறை வைத்துப் பங்கிட்டு வந்து கடைமடைக்குச் சேரும்போது மேலே நடவு பச்சைப் பிடித்திருக்கும். இந்தத் தேதிகள் பற்றிய செய்தியும் அப்படித்தான் இங்கே வந்து சேர்கிறது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கோச்சிங் சென்டர் இருக்கிறது. அங்கே தேதியை நினைவுபடுத்தக் காசு வாங்கிக்கொண்டு ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே வேதியியல் வாத்தியாருக்கு ஞாபகம் இருந்தால் உண்டு.

அக்டோபர், நவம்பர் என்றால் இந்தப் பக்கத்தில் மழைக்காலம். நேரடி விதைப்புப் பயிர் தண்ணீரில் நிற்கிறதா, வடிகிறதா என்று பார்க்கிற காலம். பள்ளிக்கு மழை லீவு விடுகிற காலம். எந்தப் படிவமும் முதலில் மனதுக்கு வராத காலம். இதன் உச்சத்தை 2018-இல் பார்த்தோம். நீட் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை முதன்முதலாக 2019-இல் நடத்தியது. அதற்கான விண்ணப்பக் காலம் 2018 நவம்பர் 1 முதல் 30 வரை. நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வட்டாரம் முழுக்கத் தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்து செல்லுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். டவர் இல்லாததால் சார்ஜ் ஏற்றியும் பல இடங்களில் பயனில்லை. கூரை போன வீடுகளில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் நனைந்த காகிதக் கட்டாகக் கிடந்தன.

அந்த நவம்பரில் ஒரு மருத்துவ விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஓடிக்கொண்டிருந்தது. தேதி கடைசியில் டிசம்பர் 7 வரை நீண்டது. எதற்காக என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 25 வயதைத் தாண்டியவர்களும் நீட் எழுதலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை அனுமதித்து, ஒரு வாரம் கூடுதல் அவகாசம் கொடுக்கச் சொன்னது. வேறு யாருக்கோ கிடைத்த அந்த ஒரு வாரத்தில் நம் பிள்ளைகளும் நுழைந்துகொண்டார்கள். அதிலும் முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. ஒரு விண்ணப்பக் காலம் ஊரின் பேரிடர்க் காலத்தோடு மோதினால் என்ன செய்வது என்று எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. நாட்டுக்கெல்லாம் ஒரே தேதி என்பது காகிதத்தில் சமத்துவம். வடகிழக்குப் பருவமழை நாட்டுக்கெல்லாம் பெய்வதில்லையே. திறந்த முதல் வாரத்திலேயே போட்டு முடிக்க முடிந்த விண்ணப்பத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளி வைக்காதே என்று இங்கே ஒரு பிள்ளைக்குச் சொன்னால், அது போட்டித் தேர்வுத் தந்திரமாகாது. பழைய வானிலை அறிவுதான்.

இனி காகிதங்கள். விண்ணப்பிக்கும் நாளைத் தீர்மானிப்பது மனம் என்று நினைக்கிறோம். நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது வட்டாட்சியர் அலுவலகம். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் என்ன படித்தார்கள் என்ற விவரம் வேண்டும். அண்ணன் பாலிடெக்னிக் படித்தானா, பட்டம் வாங்கினானா என்று கேள்வி வரும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக ஏறும். மே, ஜூனில் மாவட்டமே ஒரே நேரத்தில் மனு போடும்போது எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்கப் போவதே ஒரு வேலையாகிவிடும். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றே ஒன்றுதான். பொதுத் தேர்வு முடிந்த வாரத்தில், மார்க் வரும் முன்பு, சான்றிதழுக்குப் போட்டுவிடுவது. மார்க் என்னவாக இருந்தாலும் சாதியும் வருமானமும் மாறப்போவதில்லை.

மத்திய நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி. நம்முடைய பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே பதிவேற்றினால் செல்லாது. மத்தியப் பட்டியலில் அந்தச் சாதி இருக்கிறதா என்று பார்த்து, வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்ட தனிப் படிவத்தில் வாங்க வேண்டும். கலந்தாய்வுக்கு அது அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு, வழங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இங்கே மட்டும் சீக்கிரம் வாங்கி வைத்தவர் மறுபடி வாங்க வேண்டிவரும்.

பணத்துக்கும் ஒரு காலண்டர் உண்டு. கடைமடையில் பெரும்பாலான நிலத்துக்குச் சம்பாதான் முழுப் பயிர். தை, மாசியில் அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த காசு, பழைய கடனும் நகை மீட்பும் போக, சித்திரையில் தீர்ந்திருக்கும். கல்லூரிக் கட்டணம் கேட்பது ஆனி, ஆடியில். சம்பா தரிசில் தெளித்த உளுந்து, பயறு கொஞ்சம் கை கொடுக்கும். கோடைப் பருத்தி போட்டவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலக் காசு ஜூன், ஜூலையில் வரும். அந்த ஆண்டு ஏலம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பெண் பிள்ளை வெளியூர் விடுதியா, உள்ளூர்க் கல்லூரியா என்று முடிவாகிற வீடுகள் உண்டு. குறுவை போடுகிறவர்களுக்கு அந்த மாதங்கள் வரவுக்கே இடமில்லாமல் செலவாகத்தான் ஓடும். மேட்டூர் 2025-இல் வழக்கமான ஜூன் 12-இல் திறந்தது. முந்தைய ஆண்டு ஜூலை 28 ஆனது. விவசாயக் கூலி வேலையை நம்பிய வீடுகளுக்கு இந்தத் தாமதம் ஒன்றரை மாதக் கூலி. ஆதலால் பொறியியலுக்கு 500 ரூபாய் பதிவுக் கட்டணம், பட்டியல் இனத்தவருக்கு 250 என்பதைச் சிறு தொகை என்று சென்னையில் இருப்பவர் நினைக்கலாம். பொறியியலுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, க்யூட்டுக்கு ஒன்று என்று நான்கைந்து சேர்ந்தால் அது வேறு கணக்கு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்கு 2 ரூபாய். அதை ஒருவர் தவறவிடக் காரணமே இல்லை. பொறியியல்தான் என்று முடிவு செய்தவர்களும் அதை ஒரு பிடிமானமாகப் போட்டு வைக்கலாம்; திருவாரூர் திரு.வி.க. கல்லூரியும் மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கல்லூரியும் அந்த 50 ரூபாயில் அடக்கம்.

'பொறு, எல்லா ரிசல்ட்டும் வரட்டும்' என்ற இரண்டாவது நம்பிக்கைக்கு இப்போது வரலாம். காத்திருப்பதில் நியாயம் உண்டென்று அரசே ஒப்புக்கொண்ட ஆண்டு 2022. சி.பி.எஸ்.இ. முடிவு ஜூலை 22 வரை வரவில்லை. அது வந்து ஐந்து நாள் வரைக்கும் பொறியியல் பதிவை நீட்டித்தார்கள். அப்புறம் ஆகஸ்ட் 25-இல் தொடங்க வேண்டிய பொதுக் கலந்தாய்வையும் நீட் முடிவுக்காகத் தள்ளி வைத்து, செப்டம்பர் 10-இல்தான் தொடங்கினார்கள். காரணம் வெளிப்படை. நல்ல பொறியியல் கல்லூரியில் இடம் எடுத்துவிட்டு, மருத்துவம் கிடைத்ததும் விட்டுப் போகிறவர்களின் இடம் காலியாகவே கிடந்தது. அடுத்த ரேங்க்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு காத்திருந்தது நியாயம். ஆனால் காத்திருந்தது அரசு, விண்ணப்பதாரர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முடிவுக்காகக் காத்திருப்பது வேறு, விண்ணப்பத்தையே போடாமல் காத்திருப்பது வேறு. எல்லா இடத்திலும் போட்டு வைத்தவர்தான் எந்த முடிவுக்காகவும் காத்திருக்க முடியும்.

நேரத்தைப் பொறுத்து நிஜமாகவே மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் விண்ணப்பத்துக்குப் பிறகு, கலந்தாய்வின் சுற்றுகளில் வருகிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவதா என்று பதில் சொல்லச் சில நாள்தான் கொடுப்பார்கள். முதல் சுற்றுக்காரர்கள் விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரிக் குறியீட்டைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஐம்பது போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை, மேலே இருப்பது கிடைக்கும் வாய்ப்பும் அதனால் குறைவதில்லை. திருக்குவளையிலும் பட்டுக்கோட்டை ராஜாமடத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருப்பதை, அவற்றின் கட்டணம் சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவு என்பதை, பட்டியல் போடும் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தாமதமானவர்களுக்கு எல்லாம் மூடிப்போவதில்லை. ஒரு பாடத்தில் தவறி ஜூன், ஜூலை துணைத் தேர்வில் தேறியவர்களுக்கும் முதலில் விண்ணப்பிக்காதவர்களுக்கும் ஆகஸ்டில் துணைக் கலந்தாய்வு உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை அதற்குள் அறிவிப்பார்கள். வரலாறு, பொருளியல், கணிதம் போன்ற துறைகளில் அப்போதும் இடம் கிடைப்பதுண்டு. 'வருஷம் போச்சு' என்று பிள்ளையைத் திருப்பூருக்கு பஸ் ஏற்றும் முன் மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ ஒரு நடை போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

ஏப்ரலில் அவசரப்பட்டுத் தனியார் கல்லூரியில் பணம் கட்டியவர்களும் மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்புப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பு விலகினால், ஒரு சிறு பிடித்தம் போக, முழுக் கட்டணம் திரும்ப வேண்டும். பிறகு 90, 80, 50 சதவீதம் எனப் படிப்படியாகக் குறையும். 2024-25 கல்வியாண்டுக்கு இன்னும் தாராளம்: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான் பிடிக்கலாம். அதே 2018 அறிவிப்பு அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் டி.சி.யும் மார்க் ஷீட்டும் அலுவலகப் பீரோவில்தான் இருக்கின்றன, 'பணம் கட்டினாத்தான் தருவோம்' என்பதுதான் பதில். ஆகஸ்டில் கலந்தாய்வில் இடம் கிடைத்துத் திரும்பப் போகிற அப்பா, அந்த ஆண்டுக்கான அறிவிப்பை ஐந்து ரூபாய் கொடுத்துச் சென்டரில் பிரிண்ட் எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு பின் போட்டுக் கொண்டுபோகட்டும். வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்கட்டும். முத்திரை கேட்ட இடத்தில் பெரும்பாலும் "கொஞ்சம் உட்காருங்க ஸார்" என்ற பதில் வரும்.